மாட்யூலில் கை வைக்கும் முன்

மதுரை,
ஐப்பசி கடைசி.

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து தை மாதத்துக்குத் தள்ளிப் போனது எங்களுக்கும் நல்லதாகப் போயிற்று. கார்த்திகை முழுக்கச் சின்னவளுக்குப் பரீட்சை, வீட்டை விட்டு யாரும் அசைய முடியாது. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. படி ஏறுவதுதான் கஷ்டம். தையில் எல்லோரும் தூத்துக்குடி வந்துவிடுகிறோம்.

சரி, வண்டி விஷயம். போனில் சொன்னால் நீ பாதியை மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். மழை பெய்தால் வைப்பர் தானாக ஓடுகிறது, நடுராத்திரியில் சென்ட்ரல் லாக் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது, இண்டிகேட்டர் போட்டால் டெம்பரேச்சர் முள் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறாய். கோளாறு எண்ணைப் படிக்கிற ஸ்கேனரில் யு0140 என்ற கோடு வந்ததாம், உடனே பாடி கண்ட்ரோல் மாட்யூல் (வைப்பர், லாக், இண்டிகேட்டரையெல்லாம் ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு, புதுசு போடணும் என்று சொல்லிவிட்டார்களாம். காசைக் கட்டிவிடாதே, கொஞ்சம் பொறு.

‘யு’வில் தொடங்கும் கோடுகள் பெரும்பாலும் மாட்யூல்களுக்கு இடையிலான பேச்சைப் பற்றியவை. யு0140 என்றால், பாடி மாட்யூலின் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று வேறொரு மாட்யூல் புகார் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெட்டி நிஜமாகவே செத்துவிட்டதா, அதற்கு சப்ளை போகவில்லையா, நடுவில் வயர் விட்டுப்போயிருக்கிறதா என்பதெல்லாம் ஸ்கேனருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்குக் கூலி கொடுக்கிறோம்.

எனக்கு உன் கடிதத்தில் பளிச்சென்று பட்டது அந்த முள்தான். இண்டிகேட்டருக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே எர்த்தில், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற இணைப்பில், நிற்கலாம். எர்த் தளர்ந்திருந்தால் இண்டிகேட்டர் மின்னும் ஒவ்வொரு தடவையும் அந்த எர்த் பாயிண்டிலேயே வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். முள்ளும் கூடவே ஆடும். மாட்யூலும் அதே இடத்தில் எர்த் எடுத்தால் அதற்கும் பைத்தியம் பிடிக்கத்தானே செய்யும்?

போன ஆடியில் என் பழைய டீசல் வண்டியிலும் கிட்டத்தட்ட இதே கூத்து. பகலில் ஒழுங்காக ஓடும். ராத்திரி ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது மீட்டர் மொத்தமும் அணைந்து திரும்ப எரியும். எனக்கும் மாட்யூல் என்றுதான் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பையன் இருக்கிறான், வாயே திறக்காதவன். அவன் மாட்யூலில் வயர்கள் வந்து மாட்டுகிற கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக எர்த் வயரை ஒட்டி ஒரு குண்டூசியைச் செருகினான். மல்டிமீட்டரின் சிவப்பு முனை ஊசியில், கறுப்பு முனை பேட்டரி மைனஸில். எல்லாம் ஆஃபில் இருந்தபோது 0.02 வோல்ட். ஹெட்லைட்டும் புளோயரும் போட்டதும் 1.1. நல்ல எர்த் என்றால் லோடு கொடுத்தாலும் 0.1ஐத் தாண்டக் கூடாது. இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் பாடியில் முறுக்கிய ஒரு போல்ட். மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. கழற்றினால் வளையத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புத் துரு, அதற்குக் கீழே பெயிண்ட் பொருக்கு. உப்புத்தாள் போட்டுத் தகரம் தெரியும்வரை தேய்த்து, புது வளையம் கிரிம்ப் பண்ணி, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினான். மறுபடி எல்லாம் போட்டுப் பார்த்தால் 0.03. ஸ்கேனரை அவன் எடுத்தது பழைய கோடை அழிக்க மட்டும்தான்.

நாம் ஐடிஐயில் வயர்மேன் டிரேடு படித்தபோது எதற்கெடுத்தாலும் கண்டினியுட்டி, அதாவது வயர் அறுந்திருக்கிறதா என்று, பார்ப்போமே, இதில் அதை நம்பாதே. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். கரண்ட் இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். அதனால்தான் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கப்ளரைக் கழற்றிவிட்டு சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் பிடி. முழுப் பிரகாசமாக எரிந்தால் அந்த இரண்டு வயரும் சரி. வேறு எந்தப் பின்னிலும் அந்தப் பல்பைக் காட்டாதே, மஞ்சள் கப்ளர் பக்கமே போகாதே, அது ஏர்பேக். மீட்டர் முனையைக் கப்ளர் ஓட்டைக்குள் திணிப்பதும் வேண்டாம். பின் அகன்றுவிட்டால் இல்லாத கோளாறு புதிதாக வரும்.

உன் வண்டியில் இன்னொன்று, மழையில்தானே ஆட்டம் போடுகிறது? நீ நிறுத்துவது அந்தப் பூவரச மரத்தடியில். பானட்டைத் திறந்து முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் மோட்டார் இருக்கிற பள்ளத்தைப் பார். இலை அழுகி வடிகால் ஓட்டையை அடைத்திருந்தால் தண்ணீர் ஏசி காற்று வழியாக உள்ளே இறங்கும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்று. முன்சக்கரத்துப் பக்கமாகக் கீழே கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் இடதுபக்கக் கார்ப்பெட்டை அழுத்திப் பார், ஈரம் கையில் ஒட்டும். உங்கள் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு பூக்க எத்தனை நாள் ஆகும்? காண்டாக்ட் கிளீனரும் பழைய டூத் பிரஷும் போதும். ஆனால் அடைப்பை எடுக்காமல் பின்னை மட்டும் துடைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப இதே கதைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கேன் லைனைப் பார். 1986இல் பாஷ் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு அது. இரண்டே வயரில் எல்லா மாட்யூலும் பேசிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம்ஸ் எடு. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. சைபருக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலி கடித்திருக்கிறதா என்று பார். ஏர் ஃபில்டர் பெட்டியில் தேங்காய் நார் கிடந்தது என்று போன வருஷம் நீதான் சொன்னாய்.

அதற்குப் பிறகும் குற்றவாளி பெட்டிதான் என்றால் ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் புதுசுக்கு ஓடாதே. போர்டைத் திறக்கச் சொல். ரிலே கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல் இருந்தால் திரும்ப ஈயம் வைத்தாலே போதும். கெப்பாசிட்டர் ஒழுகியிருந்தால் கவிச்சி வாடை அடிக்கும். உடனே மாற்றினால் பிழைக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். சாவி கோடு பல வண்டிகளில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, பழைய பெட்டியிலிருந்து அந்த டேட்டாவை எடுத்து ஏற்றாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் எதை மாற்றினாலும் பழைய பெட்டியைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதே.

ஞாயிற்றுக்கிழமை மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரீடிங் எடு. எல்லாம் ஆஃபில் எர்த் வோல்ட்டேஜ், எல்லாம் ஆனில் எர்த் வோல்ட்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ். கடைசி ரீடிங் 9.6க்குக் கீழே போனால் மாட்யூலை மறந்துவிடு, பேட்டரியை லோடு டெஸ்ட்டுக்குக் கொடு. மூன்றையும் எழுதி அனுப்பு; அந்த எலக்ட்ரீஷியன் பையனிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

மக்ரூன் வாங்கி அனுப்பாதே, சர்க்கரை கூடியிருக்கிறது. தையில் வரும்போது ஒன்றிரண்டு சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சோமு