செயலாளரின் ஆண்டறிக்கை: டிஸ்க் இல்லாத கணினி அறை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்களும் நூலகமும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் கணினி அறையைப் பற்றியது. செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. புதிது வாங்குவதா, டிஸ்க்கே இல்லாமல் ஓட்டுவதா என்ற பேச்சில் இரண்டாவதுதான் ஜெயித்தது. 1999 முதல் புழக்கத்தில் உள்ள எல்.டி.எஸ்.பி. என்ற லினக்ஸ் ஏற்பாட்டை நிறுவினோம். லினக்ஸ் இயங்குதளம் சர்வர் என்ற மையக் கணினியில் இருக்கும், மற்றவை அதை நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும். கணினியை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டு ஒரு முகவரி கேட்கும். முகவரியோடு, எந்தக் கோப்பை எந்த சர்வரிலிருந்து எடுப்பது என்ற தகவலும் டிஎச்சிபி என்ற முகவரி வழங்கும் முறை வழியாக வரும். அந்தச் சின்னக் கோப்பு இறங்கியதும் மீதி லினக்ஸை அதுவே வரவழைத்துக்கொள்ளும். இப்படி நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடங்குவதை, அதாவது பூட் செய்வதைத்தான், பி.எக்ஸ்.இ. என்று சொல்கிறார்கள்.

சொல்லும்போது எளிது. முகவரி கொடுக்கும் வேலையை ஏற்கெனவே நம் ரௌட்டர் பார்த்துவந்தது. அதே வேலைக்கு இன்னொன்றையும் வைத்தால் குழப்பம்தான். டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளில் பிராக்ஸி முறை இருக்கிறது. முகவரியை ரௌட்டரே கொடுக்கும், பூட் தகவலை மட்டும் சர்வர் சொல்லும். ரௌட்டரைத் தொடாமலே வேலை முடிந்தது.

அதற்குப் பிறகும் சில கணினிகள் மட்டும் சர்வரைக் காணோம் என்று நின்றன. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, கார்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கோளாறு, கணினிகளின் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில். தரவு வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ அமைப்பு இயங்கும் சுவிட்ச், புதிதாக உயிர் பெற்ற போர்ட்டை வழக்கமாக 30 நொடி சோதித்த பிறகே தரவை விடும். அதற்குள் கணினி பொறுமை இழந்துவிடுகிறது. கணினிகள் செருகியுள்ள போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டதும் சரியாயிற்று. இதே வேலையில் இறங்கும் மற்ற சங்கங்கள் சுவிட்சை முதலில் பார்ப்பது நல்லது.

கணினியைத் தொடக்கும் உள்மென்பொருளில் பழைய வகை பயாஸ், புது வகை யூ.இ.எஃப்.ஐ.; இரண்டுக்கும் பூட் கோப்பு வேறு வேறு. கணினி முகவரி கேட்கும்போதே தன் வகையையும் சொல்லிவிடுவதால் சர்வர் பிரித்துக் கொடுக்கிறது. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை சாதாரணமாக 512 பைட் அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். அதனால் முதல் கோப்பை மட்டும் அதில் விட்டு, பெரியவற்றை ஐபிஎக்ஸ்இ என்ற பூட் மென்பொருள் கொண்டு, இணையப் பக்கங்கள் வரும் எச்டிடிபி முறையில் இறக்குகிறோம். வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது.

பலன் என்ன என்று கேட்கலாம். புது மென்பொருளை சர்வரில் ஒருமுறை போட்டு, எல்லாக் கணினிகளும் எடுத்துக்கொள்ளும் பொதுப் பிரதியான இமேஜைப் புதுப்பித்தால் போதும். அடுத்த முறை ஆன் செய்யும்போது எல்லாக் கணினிக்கும் வந்துவிடும். யாராவது எதையாவது கலைத்துவைத்தாலும் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் மாற்றங்கள் அணைத்ததும் அழியும் ரேம் நினைவகத்தில்தான் நிற்கின்றன.

புகார் வந்ததும் அதனால்தான். விருந்தினர் கணக்கில் எழுதிய கட்டுரை காணாமல் போனது என்று சிலர் வருத்தப்பட்டார்கள், நியாயமான வருத்தம். சொந்தக் கணக்கின் ஹோம் ஃபோல்டர் சர்வரில் இருப்பதால் அதில் வைத்தது போகாது. விருந்தினர் கணக்கில் வைத்தது தங்காது. எச்சரிக்கையை இப்போது திரையிலேயே காட்டுகிறோம். விருந்தினர் கணக்கில் பெரிய கோப்பை இறக்கினாலும் ரேம் நிரம்பிக் கணினி உறைந்துவிடும். தயவுசெய்து சினிமா இறக்க வேண்டாம்.

சொந்த லேப்டாப்பை வைஃபை மூலம் இப்படி பூட் செய்யலாமா என்றும் கேட்டார்கள். பி.எக்ஸ்.இ. பொதுவாகக் கேபிளில்தான் நடக்கும்.

எனக்கு உள்ள கவலை ஒன்றுதான். முன்பு ஒரு டிஸ்க் போனால் ஒரு கணினி நிற்கும். இப்போது சர்வர் நின்றால் அறையே நிற்கும். சர்வரில் இரண்டு டிஸ்க்குகளை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும் ரெய்டு 1 முறையில் இணைத்திருக்கிறோம். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு திருப்பித் தராது, அதற்கு பேக்கப் தனியாக வேண்டும். ஆகவே பேக்கப் டிஸ்க் ஒன்று, சர்வருக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ்., அவசரத்துக்கு மாற்றி வைக்க இன்னொரு பழைய கணினி ஆகிய மூன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். சர்வர் கடவுச்சொல் இப்போது ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. இன்னொரு உறுப்பினரையும் இந்தக் கூட்டத்திலேயே தேர்ந்தெடுத்துவிட்டால் நல்லது.

செயலாளர்