கார்த்தியின் முட்டியும் இந்த ஊர் பிசியோவும்

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் சொன்னது உனக்கும் போதவில்லை, அத்தானுக்கும் போதவில்லை என்று தெரிகிறது. "கரண்ட் வைக்க மாட்டார்களாமே, இருபது நிமிஷத்தில் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களாமே" என்று நீ கவலைப்பட்டது நியாயம்தான். தினமும் ஒரு பிசியோ நிலையத்துக்குள்ளேயே நிற்கிறவன் என்பதால் இங்கே ஜெர்மனியில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஆகன் நகரில் படிக்கும் கார்த்திக்கு ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார்) ஆபரேஷன் ஆவதற்குள் இதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிடு. மாமா சொன்னால் 'சரி சரி' என்பான், அம்மா அனுப்பினால் படிப்பான்.

முதலில் சீட்டு. நம் ஊரில் பிசியோ சென்டருக்கு நேராகப் போய் உட்கார்ந்தால் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இங்கே இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்க வேண்டுமென்றால் டாக்டர் எழுதிய ரெட்செப்ட், அதாவது மருத்துவச் சீட்டு, இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். அதில் நோயின் குறியீடு, எந்தச் சிகிச்சை, எத்தனை தடவை, வாரத்துக்கு எத்தனை முறை, டாக்டரின் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். முட்டிக்கு ஒரு சீட்டில் அதிகபட்சம் 6 தடவை எழுதுவார்கள். தேவைப்பட்டால் மறு சீட்டு. பொதுவாக 18 தடவை வரை போகும், அதற்கு மேல் டாக்டர் காரணம் காட்டி எழுத வேண்டும். சீட்டு எழுதிய 28 நாளுக்குள் முதல் தடவை நடந்தாக வேண்டும், 'அவசரம்' என்று குறித்திருந்தால் 14 நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டுக்குக் கணக்கே வேறு: 7 நாளுக்குள் தொடங்கி 12 நாளுக்குள் முடிக்க வேண்டும். நடுவில் காரணமில்லாமல் 14 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் மிச்சம் இருப்பது வீண். காய்ச்சல், விடுமுறை என்றால் முன்பே சொல்ல வேண்டும், அவர்கள் காரணத்தைச் சீட்டிலேயே குறித்துக்கொள்வார்கள்.

ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், குறியீடு பொருந்தாமல் இருந்தாலும், இன்ஷூரன்ஸ்காரர்கள் நிலையத்துக்குப் பணம் தர மாட்டார்கள். அதனால் வரவேற்பில் இருக்கும் அம்மா சீட்டைத் திருப்பிக் கொடுத்து "டாக்டரிடம் போய்த் திருத்திக்கொண்டு வா" என்பார். கோபப்பட்டுப் பயனில்லை. டாக்டரின் கிளினிக் வாசலைத் தாண்டுவதற்கு முன் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே சுலபம்.

ஆபரேஷனுக்குப் பிறகு போன் செய்து நேரம் கேட்டால் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கிடைக்கும். இங்கே பிசியோ ஆட்கள் பற்றாக்குறை பெரிய தொல்லை. ஆபரேஷன் தேதி கையில் இருக்கிறதே, இப்போதே நாலைந்து நிலையங்களுக்குப் போன் போட்டு, வெளியே வந்த மூன்றாம் நான்காம் நாளிலிருந்து வாரம் இரண்டு அல்லது மூன்று நேரம் பிடித்து வைக்கச் சொல். யாராவது ரத்து செய்தால் கூப்பிடும் பட்டியலிலும் பெயரைப் போடச் சொல். குறித்த நேரத்துக்குப் போக முடியாவிட்டால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தடவைக்கான பணத்தை அவன் கையிலிருந்து வாங்குவார்கள், இன்ஷூரன்ஸ் தராது.

பணத்தைப் பற்றி அத்தான் கேட்டாரே. மாணவர் இன்ஷூரன்ஸில் இருப்பவனுக்கு ஒரு சீட்டுக்கு 10 யூரோவும், சிகிச்சைச் செலவில் நூற்றுக்குப் பத்தும் கையிலிருந்து போகும். 6 தடவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மொத்தம் 25 முதல் 30 யூரோவுக்குள் வரும். ரசீதை எறியாமல் வைக்கச் சொல். இந்த மாதிரிச் செலவுகள் வருஷ வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு கட்டாமல் இருக்க விண்ணப்பிக்கலாம். மாணவனுக்கு வருமானமே குறைவு என்பதால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

முதல் நாள் பத்து நிமிஷம் முன்னால் போய்விடட்டும். ஒரு படிவம் கொடுப்பார்கள்: என்ன மருந்து சாப்பிடுகிறாய், அலர்ஜி உண்டா, சர்க்கரை உண்டா, முன்பு என்ன ஆபரேஷன். கையில் கொண்டுபோக வேண்டியவை: சீட்டு, இன்ஷூரன்ஸ் அட்டை, ஆஸ்பத்திரி கொடுத்த அறிக்கை, பெரிய துண்டு ஒன்று. துண்டு கட்டிலில் விரிக்க, நம்முடையதை நாமே கொண்டுபோவதுதான் இங்கே வழக்கம். ஆஸ்பத்திரி அறிக்கையோடு 'பின்சிகிச்சைத் திட்டம்' என்று ஒரு தாள் இருக்கும், அதை மட்டும் மறக்கவே கூடாது. எத்தனை வாரம் எவ்வளவு எடை வைக்கலாம், எத்தனை டிகிரி மடக்கலாம் என்று ஆபரேஷன் செய்தவர் எழுதியிருப்பார். முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் ஜவ்வையும் (மெனிஸ்கஸ்) சேர்த்துத் தைத்திருந்தால் ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்காதே என்று இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் போனால் எந்தப் பிசியோவும் பயந்துகொண்டுதான் தொடுவார், ஒரு தடவை வீணாகும்.

பேன்ட்டுக்குள்ளேயே அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு போகட்டும். இங்கே முதுகு வலி என்றால் மேல்சட்டையைக் கழற்று, கால் வலி என்றால் பேன்ட்டைக் கழற்று என்று சாதாரணமாகச் சொல்வார்கள், பார்ப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம். கூச்சத்தில் நின்று பட்டன் அவிழ்ப்பதற்கே நான்கு நிமிஷம் போனால் மிச்சம் என்ன இருக்கும்? இன்ஷூரன்ஸ் கணக்கில் ஒரு தடவை என்பது 15 முதல் 25 நிமிஷம், உடை மாற்றுவதும் அவர்கள் குறிப்பு எழுதுவதும் அதற்குள்ளேயே. பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் பத்து நிமிஷம் போனதுதான், அடுத்த ஆள் வாசலில் நிற்பார். ஒவ்வொரு தடவை முடிந்ததும் சீட்டின் பின்பக்கம் அன்றைய தேதிக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். வராத நாளுக்குச் சேர்த்துப் போடச் சொன்னால் போட வேண்டாம்.

வீக்கத்துக்காக நிணநீர் வடிக்கும் மசாஜும் தனியாக எழுதுவார்கள், அது 30 நிமிஷம். இறகால் தடவுவதுபோல இருக்கும், "இது என்ன மசாஜ்" என்று பயல் சிரிப்பான். அழுத்திப் பிசைந்தால் தோலுக்குக் கீழே ஓடும் அந்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும், அதனால்தான் அப்படி.

சிகிச்சையில் முதலில் அளப்பார்கள். முட்டிச்சில்லின் மத்தியிலும், அதற்கு மேலே 10, 20 சென்டிமீட்டரிலும் டேப் வைத்து இரண்டு காலையும் ஒப்பிடுவார்கள். கீழே அதிகமாக இருந்தால் வீக்கம், மேலே குறைந்திருந்தால் தொடைத் தசை வற்றுகிறது என்று பொருள். மடங்குவதை மூன்று எண்ணில் எழுதுவார்கள். 0-10-90 என்றால் முழுதாக நீட்ட 10 டிகிரி பாக்கி, மடக்க 90 வரை வருகிறது. நம் ஆட்கள் எல்லோரும் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுவார்கள், சம்மணம் போட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் முதல் வாரங்களில் பார்க்க வேண்டியது நடு எண். அது பூஜ்யம் ஆக வேண்டும். நீட்டுவது திரும்பாமல் போனால் முட்டிக்குள் முன்பக்கம் தழும்பு வளர்ந்து மறித்துக்கொள்ளும், அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன்கூட ஆகலாம். மடக்குவது பின்னால் மெல்ல வந்து சேரும்.

இதைக் கெடுப்பது தலையணை. வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும், ஆனால் முட்டி அந்த வளைவிலேயே இறுகும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் 5 முதல் 10 நிமிஷம், ஒரு நாளைக்குப் பல முறை. அப்படியே முட்டியைக் கட்டிலைப் பார்த்து அழுத்தித் தொடை முன்தசையை 5 வினாடி இறுக்க வேண்டும், 10 முறை. முதல் நாட்களில் எவ்வளவு முயன்றாலும் தசை அசையாது. பயந்துவிடாதே. உள்ளே நீர் கோத்திருக்கும்போது அந்தத் தசைக்குப் போகும் கட்டளையே மட்டுப்படும். கரண்ட் வைப்பது பற்றிக் கேட்டாயே, இங்கே அது பயன்படுவது இந்த இடத்தில்தான்: தசையைத் தட்டி எழுப்ப. வெறும் வலிக்காகப் பத்து சிட்டிங் கரண்ட் வைத்து அனுப்பும் பழக்கம் இல்லை, அதில் எனக்கும் வருத்தமில்லை.

காலை நேராகத் தூக்கும் பயிற்சியை எல்லோரும் அவசரமாகத் தொடங்குவார்கள். தூக்கும்போது முட்டி சற்றுத் தொய்ந்தால் இன்னும் காலம் வரவில்லை, மறுபடி இறுக்கும் பயிற்சிக்கே போக வேண்டும். புது லிகமென்டுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்திருந்தால், பின்தசைக்கு எடை போட்டுக் குதிகாலை இழுக்கும் பயிற்சி முதல் வாரங்களில் கூடாது. எடுத்த இடம் கிழியலாம். இதை ஜிம் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊன்றுகோல் இங்கே முழங்கையைப் பிடிக்கும் வகை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். காலில் '20 கிலோ மட்டும்' என்று எழுதியிருந்தால், குளியலறை எடை மெஷினில் ஆபரேஷன் காலை வைத்து முள் 20-ல் நிற்கும் வரை அழுத்திப் பழகச் சொல்வார்கள். அந்த உணர்வைக் கால் மறந்துவிடும், அதனால் தினமும் காலையில் ஒரு முறை. கார்த்தி இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியாயிற்றே: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் காலும் முன்னால். ஒரே கோலுக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் தப்பான கையில் பிடித்துச் சாய்ந்து நடந்து இடுப்பு வலியைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வலி எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் ஒரு எண் கேட்பார்கள். நம் பையன்கள் "பரவாயில்லை" என்பார்கள், இல்லையென்றால் ஒரேயடியாக 10 என்பார்கள். இரண்டுமே அவர்களுக்கு உதவாது. எப்போது, எந்த அசைவில், எங்கே, ராத்திரி எழுப்புகிறதா என்று சொல்லட்டும், இங்கிலீஷிலேயே சொல்லலாம். பயிற்சியின்போது 3, 4 வரை வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் அடங்காமல் முட்டி உப்பியிருந்தால் முந்தின நாள் அதிகம் செய்திருக்கிறான், பாதியாகக் குறைக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் தினம் ஒரு ஊசி அவனே போட்டுக்கொள்ளும்படி கொடுப்பார்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடக் கூடாது. கெண்டைக்கால் கடுத்து, வீங்கி, சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது, பிசியோவுக்கும் போகக் கூடாது, அன்றே டாக்டர். ராத்திரி, ஞாயிறு என்றால் கிளினிக் மூடியிருக்கும் நேரத்து டாக்டர் சேவை எண் 116117. மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் அவசர எண் 112. காயம் சிவந்து காய்ச்சல் வந்தால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போன்.

இதற்காகத்தான் எண்ணெய் அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். பெரியப்பா புத்தூர் கட்டைப் பற்றிப் பேசுவார், அவரிடம் நயமாகச் சொல்லிவிடு. உள்ளே திருகு வைத்துப் பொருத்திய லிகமென்டுக்குக் கட்டும் தேய்ப்பும் ஒன்றும் செய்யாது.

மூன்று மாதத்துக்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம். அதற்குள் வலி போய்விடும், நன்றாக நடப்பான், சிகிச்சைச் சீட்டும் குறைந்துவிடும். உள்ளே மாற்றி வைத்த தசைநாண் அப்போதும் முழு பலம் அடைந்திருக்காது. இந்தக் கட்டத்தில் கருவிகளில் செய்யும் பயிற்சிச் சிகிச்சையை எழுதித்தரச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு தடவை 60 நிமிஷம், ஒரு பிசியோ ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை பார்ப்பார். சீட்டு தீர்ந்தபின் ஜிம்மில் தானே தொடர வேண்டும். கிரிக்கெட் 9 மாதத்துக்கு முன் கிடையாது. 9 மாதம் ஆனாலும், ஒற்றைக் காலில் குதிக்கும் சோதனையிலும் தொடை பலத்திலும் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது தொட்ட பிறகுதான். நண்பர்கள் 'சும்மா ஃபீல்டிங் மட்டும் நில்லுடா' என்பார்கள். திடீரென்று நின்று திரும்புவதில்தான் மறுபடி கிழியும், அது ஃபீல்டிங்கில்தான் அதிகம்.

பார்சல் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பருத்தி டவுசரும் இரண்டு பெரிய துண்டும் அனுப்பு. பருப்புப் பொடி எனக்கு.

அத்தானுக்கு என் வணக்கம். ஆபரேஷன் அன்று நான் ரயில் பிடித்து ஆகன் போய்விடுவேன். மயக்கம் தெளிந்ததும் அவனையே உனக்குப் போன் செய்ய வைக்கிறேன்.

உன் தம்பி