செண்டுமல்லி பூத்துவிட்டது, அம்மா

ஸ்கார்பரோ, கனடா
செப்டம்பர் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? "அந்தக் குளிரில் செண்டுமல்லி எப்படி வரும்?" என்று போனில் கேட்டாயே, அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கொல்லையில் காய்ந்த பூவை உதிர்த்துத் தூவினால் போதும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். இங்கே மே மாதத்திலும் உறைபனி விழும். ஒரு ராத்திரி பட்டாலே செடி கருகிப்போகும். அதனால் மார்ச் கடைசியிலேயே வீட்டுக்குள் தட்டுகளில் விதைத்தேன். கால் அங்குல ஆழம், மேலே லேசாக மண், அவ்வளவுதான். வெதுவெதுப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடுகிறது. முதலில் தண்டு கொக்கி மாதிரி வளைந்து மண்ணை முட்டும். மறுநாள் பார்த்தால் சில நாற்று விதைத்தோலைக் கழற்றாமல் நிமிர்ந்து நிற்கும். ஜன்னல் வெளிச்சம் பத்தாது, எல்.இ.டி. விளக்கை நாற்றுக்கு மேல் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

மே 24-ஐ ஒட்டி விக்டோரியா டே விடுமுறை வரும். இந்த ஊர்க்காரர்கள் அதன்பிறகுதான் நாற்றை மண்ணில் வைப்பார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்கத் தட்டுகளை வெளியே கொண்டுபோய், முதலில் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் வைத்துப் பழக்கினேன். நட்ட பிறகு நத்தைத் தொல்லை. ஓடில்லாத நத்தை, ராத்திரியில் வந்து இளங்குருத்தை மொட்டையடித்துவிடும். டார்ச் வைத்துக்கொண்டு பொறுக்கிப் போட்டேன். நீ செய்வது போலவே நுனியைக் கிள்ளிவிட்டேன், பக்கக்கிளை நன்றாக வெடித்தது. கிள்ளின விரலில் அந்த வாசனை மட்டும் அப்படியே நம் வீட்டு வாசனை, அம்மா.

ஜூன், ஜூலையில் செடி வளர்ந்ததே தவிர மொட்டு வரவில்லை. காரணம் பகல்தான். இங்கே அப்போது பகல் சுமார் 15 மணி நேரம். நம் பக்கம் 13 மணி நேரம்கூட இருக்காது. உயரமான செண்டுமல்லிக்குப் பகல் சுருங்கினால்தான் மொட்டு சீக்கிரம் கட்டும். ஆகஸ்ட் பிறந்ததும் ஒவ்வொன்றாக விரிந்து, இப்போது இடுப்புயரச் செடி முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கிறது. காற்றுக்குச் சாயாமல் குச்சி நட்டுக் கட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா மெக்சிகோக்காரர். இந்தப் பூவின் பூர்வீகமே அவர்கள் நாடுதான். நவம்பர் முதல் இரண்டு நாளும் இறந்தவர்களுக்குப் படைக்க இதைத்தான் வைப்பார்களாம். அதற்குள் இங்கே பனி விழுந்துவிடும் என்பதால், அவருக்காக இரண்டு தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கப்போகிறேன். பாட்டி படத்துக்கு நாம் போடுவதைச் சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ விலை என்ன என்று எழுது. இங்கே இந்தத் தடவை வாசல் நிலைக்கும் காருக்கும் என் கையால் கட்டின மாலைதான்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்: விதைக்கு முதலில் பூத்ததை விட வேண்டுமா, நடுவில் பூத்ததையா? நான் வாங்கினது 'கிராக்கர்ஜாக்' ரகம், ஹைபிரிட் இல்லை, அதனால் எடுத்த விதை அடுத்த வருஷமும் இதே மாதிரி பூக்கும். பனிக்கு முன்னால் காயவைத்தாக வேண்டும், சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்