கோடியக்கரையில் துணை நின்ற எல்லோருக்கும்

அன்பு நண்பர்களே,

கிரேட் நாட் என்ற அந்த அரிய வலசைப் பறவை போய்விட்டது. நேற்றுக் காலை உப்புக்கொத்திகளோடு நின்று வயிறு நிறைய மட்டி பொறுக்கித் தின்றது. பொழுது சாய்கிற நேரத்தில் எழும்பித் தெற்கே போனதைக் கரையில் நின்ற நாங்கள் பார்த்தோம். அது நின்ற இடத்தின் குறியோடு படம் பரவியதும், அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் ஆட்கள் வரத் தொடங்கியதும் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத மனசில்லை. நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி கருவாட்டு அக்காவுக்கு. சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து கோடியக்கரை மணலில் குடிசை போட்டுத் தொழில் செய்யும் குடும்பம் அவருடையது. மழை விட்ட இடைவெளியில் நெத்திலி காயப் போட்டிருந்தார். காக்காய் விரட்டுவது அவருடைய இரண்டு நாய்களின் வேலை. பறவை ஒதுங்கிய இடமோ அங்கிருந்து கூப்பிடு தூரம். நாய் ஓடும்போதெல்லாம் அது எழும்பியது. அப்படி எழும்ப எழும்ப, பயணத்துக்கென்று உடம்பில் சேர்கிற கொழுப்புதான் வீணாகும்.

தயங்கித் தயங்கித்தான் அவரிடம் பேச்சை எடுத்தேன். இந்தப் பறவை சைபீரியாவின் வடகிழக்கு மலைகளில் பிறந்தது, இந்த இனமே அழிவின் விளிம்பில் இருக்கிறது என்றேன். கேட்டுக்கொண்டே எழுந்தார். "பசியோட வந்த புள்ள சோத்துல கை வைக்கறப்ப யாராச்சும் நாய அவுத்து வுடுவாங்களா தம்பி?" என்றபடி இரண்டையும் குடிசைக்குப் பின்னால் கட்டிப்போட்டார். உடனே காக்காய்கள் இறங்கின. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கருவாட்டுக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டால் பறவை மிரளுமே என்று வாயே திறக்காமல், பனை மட்டையை அசைத்து அசைத்தே விரட்டினார். மறுநாளும் அப்படித்தான். அப்படியும் காக்காய் கொஞ்சம் தின்றுதான் போனது. காசு நீட்டினேன், கையை விலக்கிவிட்டார்.

தென்கொரியாவில் சேமாங்கும் என்ற கடலோரச் சேற்றுவெளியை 33 கிலோமீட்டர் கடல்சுவர் கட்டி 2006இல் அடைத்தார்கள். வலசை வழியில் கிரேட் நாட் கூட்டங்கூட்டமாக இறங்கி இரை தேடிய இடம் அது. அந்தச் சுவரை நினைத்துக்கொண்டேதான் இந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பறவைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகின்றன. நம் கரைக்கு வருவதே கொஞ்சம்.

கேட்டவுடன் படத்தை நீக்கியவர்கள், பதிவில் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொண்டவர்கள், வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவைத்த வனக் காவலர்கள், எங்களுக்காக நேரங்கழித்தும் அடுப்பை அணைக்காத டீக்கடை அண்ணன், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கோவையிலிருந்து இராத்திரி பஸ் பிடித்து வந்தும், நிலவரம் கேட்டுக் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிய தம்பிக்குத் தனியாக ஒன்று.

இனி எந்த அரிய பறவையைக் கண்டாலும், அது கிளம்பிய பிறகுதான் இடத்தைச் சொல்வேன். உடனே சொன்னால்தானே மற்றவர்கள் வந்து உறுதிப்படுத்த முடியும் என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நல்ல படமும் குறிப்பும் விவரம் தெரிந்த இருவர் கையில் போனால் போதும் என்றே நினைக்கிறேன். ஐப்பசியும் கார்த்திகையும் களைத்து வந்து இறங்குகிற மாதங்கள். அப்போதாவது இதை எல்லோரும் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சீசன் முடியும்வரை அக்கா அங்கேதான் இருப்பார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் கருவாடு வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.