சிப்பி தின்னும் செல்வத்துக்கு

உப்புவெளி,
திருகோணமலை

மச்சான் செல்வம்,

நத்தாருக்கு நீ அனுப்பிய படத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். இருந்துகொள். தேசிக்காய் பிழிந்து சிப்பியைப் பச்சையாக விழுங்கும் உன்னைப் பார்த்து, “இவனுக்கு அங்கே சோறு கிடைக்கவில்லையா?” என்று அம்மா கேட்டார். இங்கே எல்லோரும் சுகம். குணம் அண்ணன் அந்த மோட்டார் சைக்கிளை இன்னும் விற்கவில்லை.

விஷயம் வேறு. சின்னவள் இறுதியாண்டு ஆய்வுக்கு உன் சிப்பியைத்தான் எடுத்திருக்கிறாள். பக்டீரியா தொற்றினால் அதன் எந்த மரபணுக்கள் வேலையில் இறங்குகின்றன என்று பார்க்கிறாளாம். மருத்துவம் கிடைக்கவில்லை என்று மனுசிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எனக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது.

யோசித்துப் பார். சிப்பி கடல்நீரை உறிஞ்சி வடித்துத்தான் சாப்பிடுகிறது. அந்த நீரில் விப்ரியோ என்ற பக்டீரியாக் கிருமிகள் தாராளம். தப்பி ஓடக் கால் இல்லை, வந்த கிருமிக்கென்றே நம் உடல் செய்யும் பிறபொருளெதிரியும் இல்லை. ஆனால் குருதியில் மிதக்கும் கலங்கள் கிருமியை அப்படியே விழுங்கிவிடும். அதோடு மரபணுக் கையிருப்பும் பெரிது. 2012இல் பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதி வெளியானபோது ஏறத்தாழ 28,000 மரபணுக்கள் தெரிந்தன. கிருமியை அடையாளம் காண உதவும் சி1கியூ என்ற மரபணுக் குடும்பத்தில் மட்டும் 300க்கு மேல். நம்மிடம் 30 சொச்சம்தான். நம் உடல் வந்துபோன கள்ளனின் முகத்தை ஞாபகம் வைக்கும். சிப்பியோ எவன் வந்தாலும் குரைக்க முன்கூட்டியே நாய்களை வளர்த்து வைத்திருக்கிறது!

சோதனையும் வேடிக்கைதான். தசையில் விப்ரியோவை ஊசியால் ஏற்றி, சில மணிநேரத்துக்கு ஒருமுறை குருதி எடுத்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏயை அளப்பார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி. குத்திய காயத்துக்கே சில மரபணுக்கள் கூச்சல் போடுமாம். அதைக் கழித்தால்தான் கிருமிக்கான பதில் எது என்று தெரியும். நம் ஊரிலும் அப்படிச் சிலர் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. 2008 முதல் உன் பிரான்ஸில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. காரணம் 2018இல்தான் தெளிவானது. முதலில் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் குருதிக் கலங்களுக்குள் புகுந்து எதிர்ப்பைக் குலைக்கிறது. அதன்பிறகு பக்டீரியா உள்ளே பரவிக் கொல்கிறது. கடலின் சூடு 16 பாகை செல்சியஸைத் தாண்டினால் அங்கே ஆபத்து தொடங்குகிறதாம். அதை வாசித்ததும் எனக்குத் தம்பலகாமக் குடாதான் ஞாபகம் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்காகச் சிப்பி எடுத்த இடம். ஆழமில்லாத தண்ணீர், வெயிலில் எப்படிச் சுடும் என்று உனக்கே தெரியும். விப்ரியோவுக்கும் சூடு என்றால் கொண்டாட்டம். மீன் செத்தால் கரை நாறும், ஊர் கூடும். சிப்பி சேற்றில் கிடந்து செத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, காரியத்துக்கு வருகிறேன். உங்கள் பிரான்ஸின் மொன்பெலியே நகரில் இதே ஆராய்ச்சி நடக்கிறது. சின்னவளுக்கு அங்கே ஒரு கண். ஒரு பிள்ளை தனியே இருக்க மாதம் எவ்வளவு காசு முடியும் என்று விசாரித்து எழுது. எனக்கு மட்டும் எழுது, மனுசிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
ரவி