இந்த ஞாயிறு: பழைய 'தில்லு முல்லு'

நண்பர்களே வணக்கம். இந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு நம் மொட்டைமாடியில் 1981-ல் வந்த 'தில்லு முல்லு' போடுகிறோம். போன மாதம் 2013-ல் வந்த புதியதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் வாடிய முகத்தோடு கிளம்பினீர்களே, அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

மறு ஆக்கம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. பாலசந்தர் எடுத்த படமே 1979-ல் வந்த இந்தி 'கோல் மால்' கதைதான். ஆனால் விசுவின் வசனத்தில் அது முழுக்க நம்மூர்ப் படமாகிவிட்டது. வேலை கிடைப்பதற்காக ரஜினி முதலாளியிடம் பொய் வேடம் போடும் நேர்காணல் காட்சியை மட்டும் கவனியுங்கள். மீசையோடு, பவ்யமாக நின்று, "அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் இந்திரன்" என்று ரஜினி முழுப் பெயரையும் சொல்வார். அதைக் கேட்டு முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் முகம் மலர்வதைப் பாருங்கள். அந்தப் பொய்யை இவர் எப்போது கண்டுபிடிப்பாரோ என்ற பயம் நமக்கு இருப்பதால்தான் சிரிப்பே வருகிறது. அவர் அந்த மீசையை அவ்வளவு நம்புகிறார்! புதியதில் நகைச்சுவைத் துணுக்குகள் நிறைய இருந்தன, அந்தப் பயம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். அப்புறம் சௌகார் ஜானகி. ரஜினியின் பொய்க்காக அவருடைய அம்மாவாக நடிக்க வந்து சௌகார் படும் பாட்டைக் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் சுகமே தனி.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பாய், தலையணை அவரவர் கொண்டு வரவும். சுண்டலும் டீயும் எங்கள் பொறுப்பு. மழை வந்தால் கீழே கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.