மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் அப்பாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். இலை சுருண்டு வளர்ச்சி நின்றுவிட்டது, உரம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது போடாதே. காரணம் தெரியாமல் போடும் உரம் வேரில் ஏறாது. உப்பாகத் தொட்டியிலேயே தங்கி, அடியிலைகளின் விளிம்பைக் கருக்கும். அதன்பிறகு எது நோய், எது உரத்தின் சூடு என்று நம்மாலேயே பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் இரண்டு விஷயம் பார். சுருண்டிருப்பது குருத்திலையா, அடியிலையா? விளிம்பு மேல்நோக்கி மடிகிறதா, கீழ்நோக்கியா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் குருத்தைத் தட்டு. 1 மி.மீ. நீளத்தில் வைக்கோல் நிறத்தில் மெல்லிய பூச்சிகள் ஓடும். இலையின் அடிப்பக்கம் பழுப்பேறி, தொட்டால் மொடமொடவென்று இருக்கும்.

கீழ்நோக்கி மடிந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு, குருத்து தடித்துக் கரும்பச்சையாக நின்றால் மஞ்சள் சிலந்தி என்னும் சாறு உறிஞ்சும் நுண்ணுயிர்; வீட்டில் வலை கட்டும் சிலந்தி அல்ல. நம் பக்கம் முரணை என்பார்களே, அதுதான். உன் செடியின் மேல் கிளைகள் அப்படித்தான் தெரிகின்றன. இது 0.2 மி.மீ. அளவுதான், வலையும் பின்னாது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாததால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. குறைந்தது 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வாங்கிக்கொள். இன்னும் விரியாத குருத்திலையின் அடிப்பக்கத்தைப் பார். வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்த கண்ணாடி மணிபோன்ற முட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நீ விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் கூடாரத்துக்குள் இருக்கும் வெதுவெதுப்பும் ஈரக் காற்றும் அதற்கு மிகவும் பிடிக்கும். 25 டிகிரி சூட்டில் முட்டை முதிர்ந்த சிலந்தியாக ஒரு வாரம் போதும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பையில் போட்டுக் கட்டி வெளியே எறி. கத்தரிக்கோலையும் கையையும் கழுவாமல் வேறு செடியைத் தொடாதே. செடிகளுக்கென்று விற்கும் பூச்சிக்கொல்லி சோப்பைப் புட்டியில் எழுதிய அளவில் கலந்து, விளக்கை அணைத்தபின், குருத்தும் இலையடியும் சொட்டச் சொட்ட நனையும்படி அடி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இலை வெந்துவிடும். சோப்பு முட்டையைக் கொல்லாது. அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்தியவர்களுக்கு அது திரும்பி வருகிறது. 4, 5 நாளுக்கு ஒருமுறை, நான்கு முறையாவது அடி. அதற்கும் அடங்காவிட்டால், தண்ணீரில் கலக்கி அடிக்கும் நனையும் கந்தகத் தூள். ஆனால் 30 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போதும், எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை யாராவது சொன்னால் கேட்காதே. அது சிலந்தியைக் கொல்லாது, அதோடு இது நீ பறித்துத் தின்னப்போகும் செடி. பக்கத்தில் இருக்கும் தக்காளி, எலுமிச்சைச் செடிகளுக்கும் சேர்த்தே அடி.

லென்ஸில் ஒன்றுமே தெரியாவிட்டால் மட்டும் மற்றவற்றைப் பார். விளக்குக்கு மிக அருகில் இருக்கும் இலைகள் மட்டும் வெளுத்து மேல்நோக்கி மடிந்தால், விளக்கை 30 முதல் 45 செ.மீ. தூரத்துக்கு உயர்த்து. இலை முழுதும் தொங்கி, அடியிலை மஞ்சளித்தால் தண்ணீர் அதிகம். தொட்டியைத் தூக்கிப் பார், கனமாக இருந்தால் ஊற்றாதே. மண்ணின் மேல் வெள்ளைப் படலம் இருந்தால் உப்பு. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிடு.

டொராண்டோ பனிக்கு ஜன்னலோரம் ஆகாது. இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் மிளகாய் வளர்வதை நிறுத்திவிடும். இலை சுருளாமல் செடி மட்டும் குட்டையாக நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிர் ஏறாமல் இருக்கத் தொட்டியைப் பலகைமேல் வை. துளை வழியே வேர் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் 10 லிட்டர் தொட்டிக்கு மாற்று.

நரம்பு தடித்து, இலை மிகச் சிறுத்து, கொத்தாக மஞ்சளித்து, வெள்ளை ஈயும் இருந்தால் அது வைரஸ், மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிவிடு. உன் படத்தில் அந்த அடையாளம் இல்லை.

ஏற்கெனவே சுருண்ட இலை இனி விரியாது. சிலந்தி செத்த பிறகும் அது செலுத்திய நஞ்சு கொஞ்ச நாள் இருக்கும், வரும் சில இலைகள் கோணலாகவே வரும். மருந்து பலிக்கவில்லை என்று மனம் தளராதே, அளவையும் கூட்டாதே. இரண்டு மூன்று வாரத்தில் நேரான குருத்து வந்தபின் உரத்தைப் பாதி அளவில் தொடங்கு.

லென்ஸ் கைக்கு வந்ததும் குருத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா